மடித்த இலை

பொன்னியம்மாள் மெஸ்ஸில் அன்று பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது பின்னால் வேண்டியிருக்கும். ஆகையால் வரிசையாகவே சொல்லிவிடுவது நல்லது.

வாசலுக்கு நேரே, முதல் இலையில், ரங்கையா. ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பவர். தன் மனைவி சுந்தரம்மாவோடு கள்ள உறவு வைத்திருப்பதாகத் திருப்பதி வளையல்கடை வெங்கடரமணன் மேல் சித்தூர் கோர்ட்டில் புகார் கொடுத்திருப்பவர். அவருக்கு இடப்பக்கம் அவருடைய அக்காள் புருஷன் சின்னப்பன். நடை வழியைத் தாண்டி எதிர் வரிசையில், ஜன்னலோரம், வெங்கடரமணனுக்காக வாதாடும் வக்கீல் கிருஷ்ணப்பா. அவரை ஒட்டித் துப்பறியும் செங்கல்வராயன். கடைசி இலையில், சமையலறைக் கதவு திறந்தால் முழங்கையில் இடிக்கிற இடத்தில், செங்கல்வராயனின் உதவியாளர் முனிரத்தினம்.

கோர்ட்டுக்கு எதிரே வாய்க்கு விளங்குகிற சாப்பாடு அங்கே ஒன்றுதான். வாதியும் பிரதிவாதியும் உள்ளே எப்படி அடித்துக்கொண்டாலும் வெளியே வந்து ஒரே ரசத்தைத்தான் குடித்தாக வேண்டும்.

முனிரத்தினம் இருபது வருஷம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூவிக் கூவி, எதையும் அடக்கிச் சொல்லும் பழக்கம் போய்விட்டது. செங்கல்வராயன் தபால் இலாகாவில் விலாசம் புரியாத கடிதங்களைப் பார்த்து இன்னாருக்கு என்று கண்டுபிடித்து அனுப்பும் வேலையில் தலை நரைத்தவர். ஒருவர் வாய், ஒருவர் கண்.

பொன்னியம்மாள் மோர்ப் பாத்திரத்தோடு முதல் இலைக்கு வந்தாள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து மெஸ் வைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"மோர் ஊத்தட்டுமா?"

"அவசரமில்லேம்மா" என்றார் ரங்கையா.

"சரி, நிதானமா சாப்பிடுங்க" என்று கரண்டியைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். ரங்கையா இலையை மடித்தார், எழுந்தார், கை கழுவப் போய்விட்டார்.

பொன்னியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவசரமில்லைன்னு சொல்லிட்டு இலையை மடிச்சுட்டுப் போறாரே! நான் என்ன தூணா, நின்னுகிட்டிருக்க?"

"எனக்கு ரொம்ப அவசரம் தாயே, இங்கே ஊத்துங்க" என்று முனிரத்தினம் கையைக் குவித்தார். எதிர் வரிசை சிரித்தது. செங்கல்வராயன் மட்டும் சிரிக்கவில்லை. மடித்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டார்.

சின்னப்பன் கை கழுவப் போகிற வழியில் வக்கீலுக்கு முன்னால் நின்றான்.

"வக்கீல் சாமி, ஒரு வார்த்தை. எங்க மச்சான் இளகின மனசுக்காரரு. அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமைக்குள்ள ராமகுப்பம் வந்துட்டா, மறுநாளே புகாரை வாபஸ் வாங்கிக்குவாரு. வரலேன்னா வளையல்காரன் அஞ்சு வருசம் கம்பி எண்ணிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

"கையைக் கழுவிட்டு வந்து மிரட்டுங்க" என்றார் முனிரத்தினம். "சோத்துக் கையோட மிரட்டினா ஒட்டாது."

அவன் போனதும் கிருஷ்ணப்பா குரலைத் தாழ்த்தினார்.

"செங்கல்வராயன், நீங்க எனக்குப் பிடிச்சுக் கொடுத்த கட்சிக்காரி பொய் சொல்றா."

துப்பறிய வேண்டும் என்று வந்து கேட்டவள் சுந்தரம்மா. வெங்கடரமணனை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரங்கையா கிருஷ்ணம்மா என்ற விதவையை வீட்டுக்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டார். சுந்தரம்மா திருப்பதிக்கு வந்து பூக்கட்டிப் பிழைத்தாள். பக்கத்து வளையல்கடை வெங்கடரமணனுக்கும் அவளுக்கும் மனம் ஒத்துப்போயிற்று. அவன் நேர்மையானவன். 'உங்கள் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்கிறீர்களா, அல்லது நாங்கள் சேர்ந்து வாழ்ந்துகொள்ளட்டுமா' என்று ரங்கையாவுக்கே எழுதிக் கேட்டான். பதில் வந்தது. 'வேண்டாம் என்று எழுதிவிட்டார்' என்றாள் சுந்தரம்மா. அதற்கு அப்புறம்தான் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

"அந்த பதில் கடிதத்தைத்தான் நம்ம பக்கத்து ஆதாரமா கோர்ட்டிலே போட்டேன்" என்றார் கிருஷ்ணப்பா. "நானூற்றுத் தொண்ணூற்றேழாவது பிரிவு என்ன சொல்லுது? புருஷனோட சம்மதம் இல்லாம அவன் மனைவிகிட்டே உறவு வெச்சாதான் குற்றம். சம்மதிச்சிருந்தான்னா, கண்டும் காணாம விட்டிருந்தான்னா, குற்றமே இல்லே. கடிதத்திலே 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை இருந்தா கேஸ் அன்னிக்கே செத்திருக்கும். என்ன இருக்கு தெரியுமா? நீங்களே படிங்க."

நகலை நீட்டினார். முனிரத்தினம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தமிழில்தான் இருந்தது.

'வெங்கடரமணன் அவர்களுக்கு ரங்கையா எழுதியது. உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் சௌக்கியம். சுந்தரம்மா இங்கே திரும்பி வர அவசரமில்லை. அவள் அங்கேயே இருக்கட்டும்.'

"மாஜிஸ்திரேட் குண்டூர்க்காரர், தமிழ் எழுத்துத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் தஞ்சாவூர்க்காரர். 'திரும்பி வர இப்போதைக்கு ஒன்றும் அவசரம் இல்லை'ன்னு அழகா இங்கிலீஷ் பண்ணிக் கொடுத்துட்டார். எதிர்க்கட்சி வக்கீல் அதைத் தூக்கிக் காட்டி, 'பாருங்கள், மனைவி மெதுவாக வரட்டும் என்று நம்பி விட்டுவைத்த புருஷன்! அந்த நம்பிக்கைக்குத் துரோகம்!'னு கண்ணைத் துடைச்சுக்கறார். நான் போட்ட கடிதமே என் கட்சிக்காரன் கையிலே விலங்கு மாட்டுது. அடுத்த புதன்கிழமை விசாரணை. அந்தப் பொம்பளை ஏன் பொய் சொன்னான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"வெங்கடரமணன் எழுதின கடிதம்?"

"அது பட்டுப்பூச்சிக் கொட்டகையிலே கெட்டுப்போச்சாம். 'எப்போ அனுப்பட்டும்'னு மட்டும்தான் அதிலே கேட்டிருந்ததாம். அப்படின்னு ரங்கையா சத்தியம் பண்றார்."

"அந்தப் பூச்சிங்க முசுக்கொட்டை இலையைத்தானே துன்னும்? காயிதம் துன்னுற பூச்சி ராமகுப்பத்துலதான் கெடைக்குது போல" என்றார் முனிரத்தினம்.

ஒன்றரை மணி பஸ்ஸில் இருவரும் திருப்பதிக்கு ஏறினார்கள். பஸ் முழுக்க ஒரே பேச்சு. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, அதற்கு ஈடாக இந்தப் பக்கம் எந்தெந்த ஊர் வருகிறது, எவன் பேரில் எந்தப் பட்டா நிற்கும் என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினத்துக்கு வேறு கவலை.

"அண்ணே, ஒரு சந்தேகம். ரங்கையா அந்த விதவையை வீட்டுலயே வெச்சிருக்காரே, அது குத்தமில்லியா?"

"இல்லே."

"எப்படி?"

"இந்தப் பிரிவுலே புகார் கொடுக்க வேண்டியவன் அந்தப் பொம்பளையோட புருஷன். கிருஷ்ணம்மா புருஷன் செத்துப்போயிட்டான். மேல இருந்து இறங்கி வந்து புகார் கொடுத்தா எடுத்துக்குவாங்க."

"சுந்தரம்மா கொடுத்தா?"

"பொண்டாட்டி கொடுக்க முடியாது."

"போகட்டும். இந்தக் கேசுல சுந்தரம்மாவுக்கு எத்தினி வருசம்?"

"ஒரு நாள்கூட இல்லே. அவளைத் தண்டிக்கக் கூடாதுன்னு அதே பிரிவு சொல்லுது."

முனிரத்தினம் யோசித்தார். "குத்தம் பண்ணவும் முடியாது, புகார் பண்ணவும் முடியாது. என் டவாலி உத்தியோகம் மாதிரியே இருக்குது. கேசு பூரா அங்கேயேதான் நிப்பேன், ஒருத்தனும் என்னைப் பார்க்க மாட்டான்."

பஸ் பாகாலா தாண்டும்போது செங்கல்வராயன் ஆரம்பித்தார்.

"முனிரத்தினம், இரண்டு வருஷம் சும்மா இருந்த புருஷன் இப்போ ஏன் முழிச்சுக்கிட்டான்?"

"அதை விடுங்கண்ணே. எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் கண்ணு. 'வேணாம்'னு எழுதினதாச் சொல்லிச்சு. எழுத்துல அது இல்லே. ஒண்ணு, கடுதாசியை மாத்திட்டாங்க. இல்லே, இது நம்மகிட்டே கதை விட்டிருக்குது."

"கடிதம் மாறலே. கோர்ட்டிலே ஒரிஜினலைப் பார்த்தேன். அதே மசி, அதே கை, ராமகுப்பம் முத்திரை. அழிச்சு எழுதலே."

"அப்போ கதைதான்!" என்றார் முனிரத்தினம். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவிந்தராஜர் கோயில் தேர் வீதியில் வளையல்கடை. வெங்கடரமணன் ஜாமீனில் வெளியே இருந்தான். காஞ்சிபுரத்து ஆள், முப்பத்தைந்து வயது. யாத்திரை வந்த ஒரு பெண்ணின் கையில் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தவன் இவர்களைக் கண்டதும் கவனம் தப்பி ஒரு வளையலை உடைத்தான். பக்கத்துப் பூக்கடையில் சுந்தரம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

செங்கல்வராயன் முதலில் அவனைத் தனியாகக் கேட்டார்.

"ரங்கையாவோட பதிலை அவளுக்குப் படிச்சுக் காட்டினது யாரு?"

"நான்தான் சார். அவளுக்குப் படிக்கத் தெரியாது."

"அதுலே என்ன இருந்துச்சு?"

"அவசரமில்லை, அங்கேயே இருக்கட்டும்னு இருந்துச்சு."

"வேண்டாம்னு இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லே சார். நான் படிச்சதும் அவ கட்டிக்கிட்டிருந்த பூவைக் கீழே வெச்சா. அப்புறம், 'முடிஞ்சுபோச்சு, தலை முழுகிட்டாரு'ன்னு சொன்னா. என்னடா, அவசரமில்லைன்னுதானே எழுதியிருக்காருன்னு எனக்குக் குழப்பம். ஆனா அவ முகத்தைப் பார்த்துட்டு நான் கேக்கலே. நம்பினேன்."

முனிரத்தினம் செங்கல்வராயனின் முழங்கையை இடித்தார். வெளியே வந்ததும் காதில் சொன்னார். "பார்த்தீங்களா? அந்த ஆளு அப்பாவி. இது அழுது காமிச்சு அவனைக் கவுத்திருக்குது. இப்போ அவன் அஞ்சு வருசம் உள்ளே போவான், இது ஒரு நாள்கூடப் போகாது. சட்டம் தெரிஞ்ச பொம்பளை!"

பூக்கடை மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுந்தரம்மா நார் கிழிப்பதை நிறுத்தவில்லை.

"இன்னா சாமி, வக்கீல் இன்னா சொன்னாரு?"

"நீ பொய் சொல்றேன்னாரு" என்றார் முனிரத்தினம்.

நார் நின்றது. "நானா?"

"உம் புருசன் வேணாம்னு எழுதினான்னு சொன்னே. கடுதாசியில அப்படி இல்லே."

"இருந்துச்சே சாமி. இவரு படிச்சாரு, நான் கேட்டுக்கினுதானே இருந்தேன்."

"என்னன்னு படிச்சாரு?"

"நான் திரும்பி வர அவசரமில்லேன்னு."

"அவசரமில்லேன்னுதானே? வேணாம்னு இல்லையே?"

அவள் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயசான மனுஷனுக்குக் காது மந்தமோ என்கிற பார்வை. "அதான் சாமி நானும் சொல்றேன். வேணாம்னு."

முனிரத்தினம் கையை உதறினார். கோர்ட்டுக் கூண்டில் எத்தனையோ பேர் நிலைமாறிப் பேசிக் கேட்டிருக்கிறார். நிலைமாறாமலே பொய் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

செங்கல்வராயன் மெதுவாகக் கேட்டார். "ராமகுப்பத்து வீட்டிலே நீதானே பரிமாறுவே?"

"ஒம்போது வருசம்."

"மோர் ஊத்தப் போவே. ரங்கையாவுக்கு மோர் வேண்டாம். என்ன சொல்வாரு?"

"அவசரமில்லேம்பாரு."

"சொல்லிட்டு?"

"எலையை மடிச்சிடுவாரு."

முனிரத்தினத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. பொன்னியம்மாள் கரண்டியோடு தூணாக நின்ற காட்சி கண் முன்னால் வந்து நின்றது. சத்தம் வரவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

"ரங்கையா எந்தப் பள்ளிக்கூடத்திலே படிச்சாரு?"

"புங்கனூரு பக்கம். பூரா தெலுங்குதான். தமிழ் எழுத்து அப்புறம் கடையில வேலை செஞ்சப்போ கத்துக்கினாரு. கல்யாணமான புதுசுல நானும் அவரு பேச்சு புரியாம திண்டாடினேன் சாமி. போகப் போக அதுவே பழகிப்போச்சு."

செங்கல்வராயன் உதவியாளர் பக்கம் திரும்பினார். "தெலுங்கிலே 'அவசரம் லேது'ன்னா என்ன?"

"தேவையில்லே" என்றார் முனிரத்தினம் ஈனக் குரலில். "வேணாம். தெனம் நானே பத்து வாட்டி சொல்றேன் அண்ணே. சந்தையில சொல்றேன், ஆபீசுல சொல்றேன்…"

"தெலுங்கிலே காதுல விழுந்தா உனக்குச் சட்டுன்னு புரியும். தமிழ் எழுத்திலே கண்ணுல பட்டதும் தமிழாவே படிச்சுட்டே. நீயும் படிச்சே, நானும் படிச்சேன், வக்கீலும் படிச்சார், தஞ்சாவூர்க்காரர் படிச்சு இங்கிலீஷ் பண்ணியே கொடுத்துட்டார். அந்த ஆள் எழுதினது தமிழ் எழுத்திலே தெலுங்கு. 'சுந்தரம்மா இங்கே திரும்பி வரத் தேவையில்லை. அங்கேயே இருக்கட்டும்.' வெங்கடரமணன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதுதான். அதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டது படிக்கத் தெரியாத ஒருத்தி மட்டும்தான். அவளை ஒருத்தரும் கேக்கலே. கேஸ்லே அவளுக்கு இடமே இல்லையே."

முனிரத்தினம் சுந்தரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மாடி, உன்னைப் பொய்க்காரின்னு பஸ்ஸு பூரா கேக்கற மாதிரி சொல்லிட்டேன். திரும்பிப் போகும்போது அதே பஸ்ஸுல ஏறி, இல்லேன்னு மூணு தடவை கூவிடறேன்."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ இவரு தப்பிச்சுக்குவாரா?"

"புருஷன் சம்மதிச்சிருந்தான்னு காட்டிட்டா குற்றமே இல்லேன்னு ஆயிடும்" என்றார் செங்கல்வராயன்.

"அவரு சம்மதிச்சாரா, சம்மதிச்சாரான்னு இத்தினி பேரு தேடுறீங்க. நான் சம்மதிச்சேனான்னு அந்தச் சட்டத்துல ஒரு எடத்துலகூட கேக்கலியா சாமி?"

செங்கல்வராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"கேக்கலேம்மா."

தெருவில் பஜனைக் கோஷ்டி ஒன்று போயிற்று. அது கடந்து போனதும் செங்கல்வராயன் கேட்டார்.

"இன்னொண்ணு சொல்லு. உங்க அப்பா இருக்காரா?"

"நைனா போயி எட்டு மாசம் ஆச்சு. திருத்தணிக்கிட்ட கெணறு வெச்ச நெலம். எம் பேருக்கு எழுதி வெச்சாரு."

"புகார் கொடுத்து ஏழு மாசம்" என்றார் செங்கல்வராயன். "ஏப்ரல் முதல் தேதி அந்த ஊர் வேற ராஜ்யத்துக்குப் போயிடும். ஆபீசும் தஸ்தாவேஜும் கை மாறும். அதுக்கு முன்னாலே நிலத்தைத் தன் பேருக்கு மாத்திக்க உன் கைநாட்டு அவருக்கு வேணும். அதுக்கு நீ அவர் வீட்டுக்கு வரணும். நீ வரணும்னா இவர் ஜெயிலுக்குப் போற பயம் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே வந்துட்டா புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு இன்னிக்குச் சொல்லி அனுப்பியிருக்கார்."

சுந்தரம்மாவின் கை மறுபடி நாரைப் பிடித்தது. வளையல்கடையில் வெங்கடரமணன் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"நான் போயிட்டா இவரை விட்டுடுவாங்க, இல்லே?"

"விட்டுடுவாங்க."

"போவலேன்னா, நீங்க சொல்ற இந்த அர்த்தத்தைக் கோர்ட்டு ஒத்துக்குமா?"

"அதுதான் கஷ்டம்" என்றார் முனிரத்தினம். "ரங்கையா கூண்டுல ஏறி, 'நான் எழுதினது மெதுவா வரட்டும்னுதான்'னு சாதிச்சுட்டா? ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம், அவருக்கு வேண்டியதை எடுத்துக்குவாரு."

"எடுத்துக்காம இருக்கணும்னா அவர் வார்த்தையை அவருக்கே திருப்பி அனுப்பணும்" என்றார் செங்கல்வராயன். பையிலிருந்து காகிதமும் கார்பன் தாளும் எடுத்தார். "சுந்தரம்மா, அவர் கூப்பிட்டதுக்கு நீ ஒரு பதில் எழுதணும். என்ன பதில்னு நான் சொல்ல மாட்டேன். போறதா வேண்டாமான்னு உன்னையும் யாராவது ஒருத்தர் கேக்கணும். நான் கேக்கறேன்."

அவள் கட்டி முடித்த கதம்பத்தை ஈரத் துணிக்கு அடியில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க சாமி. 'நான் அங்கே திரும்பி வர அவசரமில்லே.'"

முனிரத்தினத்துக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"அண்ணே! 'அவசரமில்லே'ன்னா மெதுவா வரேன்னு அர்த்தம்னு அவரு சாதிக்கிறதா இருந்தா, இந்தக் கடுதாசியைப் பார்த்துட்டு ஞாயித்துக்கெழமைக்கு அப்புறமும் பொறுமையா வாசலைப் பார்த்துக்கினு உக்காந்திருக்கணும். உக்காருவாரா? சின்னப்பனை இழுத்துக்கினு அன்னிக்கே குதிச்சுக்கினு வருவாரு, 'வர மாட்டேன்னு எழுதிட்டா'ன்னு!"

"வரட்டும். எத்தனை பேர் எதிரிலே கத்தறாரோ அத்தனை பேரும் சாட்சி. புதன்கிழமை கிருஷ்ணப்பா இரண்டு கடிதத்தையும் பக்கத்துலே பக்கத்துலே வெச்சுக் கேக்கட்டும்: 'ஐயா, இதுலே அந்த வார்த்தைக்கு உங்களுக்கு என்ன அர்த்தம் தெரிஞ்சுது? அப்போ அதுலே?' பொன்னியம்மாளையும் கூப்பிட்டு மோர்க் கதையைச் சொல்லச் சொல்லுவோம்."

செங்கல்வராயன் எழுத ஆரம்பித்தார். ரங்கையாவின் கடிதம் எத்தனை வரியோ அத்தனை வரி, அதே அடக்கம்.

'ரங்கையா அவர்களுக்குச் சுந்தரம்மா எழுதியது. நீங்கள் சொல்லி அனுப்பியது வந்தது. நான் சௌக்கியம். நான் அங்கே திரும்பி வர அவசரமில்லை. நீங்கள் அங்கேயே இருங்கள்.'

படித்துக் காட்டினார். கடைசி வரிக்கு அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. பெருவிரலில் மசியைத் தடவி, காகிதத்தில் அழுத்தி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். வெங்கடரமணன் கடையிலிருந்து விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். செங்கல்வராயன் அரக்கை உருக்கி, உறையின் மடிப்பில் மூன்று இடத்தில் சொட்டவிட்டார். முத்திரை குத்த எதுவும் இல்லை என்று அவர் தேடியபோது சுந்தரம்மா குனிந்து, அவன் பொறுக்கி வைத்திருந்த வளையல் துண்டுகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அரக்கில் அதன் நெளி வரி ஆழமாகப் பதிந்தது.

தபாலாபீசில் ஐந்து மணித் தபால் கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் மூச்சு வாங்க ஜன்னலில் உறையை நீட்டி, ரிஜிஸ்டர் பண்ண வேண்டும் என்றார். குமாஸ்தா எடை போட்டார். எக்ஸ்பிரஸ் டெலிவரிக்கான சிவப்புச் சீட்டை எடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் தெலுங்கில் கேட்டார்:

"எக்ஸ்பிரஸ் அவசரமா?"

முனிரத்தினத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒட்டுங்க சாமி" என்றார், தேர் வீதி வரைக்கும் கேட்கும் குரலில். "ரெண்டு பாஷையிலயும் அவசரம்தான்!"

முத்திரை டொக்கென்று விழுந்தது. உறை பைக்குள் போயிற்று, பையின் வாயைக் கட்டி அதற்கும் அரக்கு வைத்தார்கள்.